வாயில் போட்டுப் பார்த்த கடலை

மார்ச் 4
புதுச் சரக்கு வந்தது. வழக்கம்போல மூட்டைக்கு ஒரு கடலையை மென்று ஈரம் பார்த்துத்தான் விலை பேசினேன். மடியில் என் மூன்று வயது மகள், பாப்பா. அவளும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லால்ல, வெலயக் கொறைங்க" என்றாள். தரகர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். அவளும் சிரித்தாள் — புரையேறியது. முதுகில் தட்டினேன். அடங்கிவிட்டது.

மார்ச் 6
இருமல் விடவில்லை. சளி என்றேன். "சளியா? காத வச்சுக் கேளுங்க, வலது பக்கம் காத்தே போகல" என்றாள் மனைவி. வைத்தேன். இடது பக்கம் கீச்சென்றது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. கடையைப் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மார்ச் 7
உதடு நீலம். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் கடலையைக் காணோம். மயக்க மருந்து கொடுத்து உள்ளே பார்க்க வேண்டுமாம். காணாத சரக்குக்கு மயக்க மருந்து எதற்கு என்று கேட்டேன். டாக்டரம்மா அசரவில்லை. "கடலை படத்துல விழாது. கேமராக் குழாய உள்ள விட்டுத்தான் பாக்கணும். நீங்க மூட்டையப் பிரிக்காம வாங்குவீங்களா?"
கையெழுத்துப் போட்டேன்.

பாதிப் பருப்புதான் வந்தது. மறு பாதி கீழே இறங்கி ஊறிக் கிடக்கிறது. சுற்றிலும் வீங்கி மூடிவிட்டதாம். நிமோனியா வேறு. வென்டிலேட்டர்.

மார்ச் 8
மிஷின் மூச்சு விடுகிறது.
மச்சினன் வந்து குதித்தான். "பாதிய விட்டுட்டாங்க மாமா! பெரிய ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்."
வழியில் ஒன்று ஆகிவிட்டால்? டாக்டரம்மாவிடமே போனேன். "மறுபடி எப்ப?"
"வீக்கம் வடியட்டும். நாளைக்கு."
சரி என்றேன். பேரம் பேசவில்லை. எனக்கே புதுசு. மச்சினனை டீ வாங்க அனுப்பினேன்.

மார்ச் 9
எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 12
வென்டிலேட்டர் குழாயை எடுத்தார்கள். கரகரவென்று "தண்ணி" என்றாள். மனைவி அழவில்லை, என்னைப் பார்த்து முறைத்தாள். முறைக்கட்டும்.

மார்ச் 27
வீட்டில் பாப்பா சோப்புக் குமிழி ஊதுகிறாள், நுரையீரல் விரிய. கடையில் நான் கடலையை நகத்தால் பிளந்து, முகர்ந்து வாங்குகிறேன்.
"பல்லு வலியா முதலாளி?" என்கிறார் தரகர்.
"பல்லுக்கு லீவு விட்டாச்சுய்யா."
ஒரு லோடில் ஏமாந்தேன். பழகிவிடும்.

ஏப்ரல் 19
பாப்பா கடைக்கு வந்தாள். நான் சாம்பிள் டப்பாவுக்கு மூடியைப் போடுவதற்குள் ஒன்றை எடுத்துவிட்டாள். கையைப் பிடிக்கப் பாய்ந்தேன்.
நகத்தால் பிளந்தாள். மூக்கருகில் வைத்து நீளமாக மூச்சை இழுத்தாள். தரகரிடம் நீட்டினாள்.
"நல்லால்ல. வெலயக் கொறைங்க."