ஜெபத்தில் எடுக்கும் ஜீப்

ஜன. 6, செவ்வாய்

நல்ல பனி. ரப்பர் ஷீட்டை குலசேகரம் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஜீப் எடுக்கவில்லை. கர் கர் என்று இழுத்ததோடு சரி.

என் வீட்டுக்காரி கிரேஸ் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் ஏறினாள்.

“சாவியப் போடுங்க. ஒரு வார்த்த ஜெபிச்சிட்டு எடுப்போம்.”

ஒரு வார்த்தையா அது? பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சபை, மழை, அடுத்த வீட்டு ஆடு வரை வந்து ஆமென். திருப்பினேன். எடுத்துவிட்டது.

போன வாரமும் இதே கதை. நான் தனியாகப் போனால் எடுப்பதில்லை. அவள் ஏறி ஜெபித்தால் எடுக்கிறது.

“வாற ஞாயித்துக்கெழம சபையில சாட்சி சொல்லப் போறேன். இருவத்திரெண்டு வருசம் மஸ்கட்டுல டீசல் எஞ்சின் பாத்த மனுசனால முடியாதத கர்த்தர் செஞ்சாருன்னு.”

சபையில் பாதிப் பேருக்கு பம்புசெட் பார்த்துக் கொடுப்பது நான். மானம் போய்விடும். ஞாயிறுக்குள் கோளாறைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

ஜன. 7, புதன்

பனி. எடுக்கவில்லை. அவளைக் கூப்பிட வெட்கம். ஷீட்டுக் கட்டோடு பஸ்ஸில் போனேன்.

பேட்டரி: நல்லது. டீசல் ஃபில்டர்: புதிது மாற்றியும் பிரயோஜனமில்லை. மத்தியானம் வெயிலில் தொட்டவுடன் எடுக்கிறது. அப்போ குளிர்தான் விஷயம். எஞ்சினை முதலில் சூடாக்கும் ஹீட்டர் பிளக்.

மஸ்கட் வெயிலில் ஹீட்டர் பிளக்கை யார் கண்டார்கள்? அங்கே ஜெனரேட்டர் தானே கொதித்துக் கிடக்கும். இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட கழற்றியதில்லை. இதை கிரேஸிடம் சொல்லவில்லை.

ஜன. 8, வியாழன்

சாவியைப் பாதி திருப்பி, பிளக்குக்கு வரும் வயரில் பல்பை வைத்துப் பார்த்தேன். பளிச். கரண்ட் வருகிறது, அப்போ பிளக்கும் நல்லது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுக்களையில் கிரேஸ் தன் தங்கச்சியிடம் போனில்: “ஆமாட்டி, ஜெபிச்சா ஒடனே எடுத்திரும். இவரா? பானட்டுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்காரு.”

கோபம் தாங்கவில்லை. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். கோபத்திலேயே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜன. 10, சனி

கண்டுபிடித்தாச்சு. வயர் வரை கரண்ட் வந்தால் போதுமா, பிளக் அதை வாங்க வேண்டாமா? மடையன் நான்.

நாலு பிளக்கையும் சேர்க்கும் தகட்டைக் கழற்றினேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பல்பு வழியாக ஒவ்வொன்றின் தலையிலும் தொட்டேன். இருட்டு. இருட்டு. எரிந்தது. இருட்டு. ஆக, உயிரோடு இருப்பது ஒன்றுதான். அது ஒன்றை வைத்து எஞ்சின் எடுக்க நேரம் வேண்டும். நானோ சாவியைப் போட்ட கையோடு திருப்பிவிடுவேன். சாவியைப் பாதி திருப்பி வைத்து அவள் ஆமென் சொல்லும் வரை காத்திருந்தால் அந்த ஒன்று நன்றாகப் பழுத்துவிடுகிறது. ஒரு சிலிண்டர் பிடித்தால் மற்றதும் பின்னாலே வரும்.

கிரேஸைக் கூப்பிட்டு எல்லாம் காட்டினேன்.

“அப்பம் எனக்க ஜெபத்துலதான எடுத்துது?”

“ஜெபத்துல இல்லட்டி. நேரத்துல.”

“அந்த நேரத்த தந்தது ஆரு?”

மார்த்தாண்டம் போய் நாலு பிளக் வாங்கி வந்து மாட்டினேன்.

ஜன. 11, ஞாயிறு

பனி. கிரேஸ் கண்ணை மூடி “அன்புள்ள தகப்பனே” என்றாள். நான் திருப்பினேன். எஞ்சின் உடனே உறுமிவிட்டது. மிச்ச ஜெபம் அந்தச் சத்தத்தில் போயிற்று. அவள் கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெயித்தது நான்தான். ஆனாலும் மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. அவள் ஜெபத்தில் என் முட்டுவலிக்கும் ஒரு இடம் உண்டு. இன்று அதுவரை போக விடவில்லை.

சாட்சி நேரம். பெண்கள் பக்கம் பார்த்தேன். அவள் எழும்பவில்லை, மடியிலிருந்த பைபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, நான் எழும்பிவிட்டேன். நாலு பிளக்கில் மூன்று செத்துப்போன வண்டி இத்தனை நாள் ஓடியது என் வீட்டுக்காரி ஜெபத்தால்தான் என்று சொன்னேன். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பிளக் யாருக்கும் புரியவில்லை. ஜெபம் எல்லோருக்கும் புரிந்தது.

வெளியே வந்தால் அவளைச் சுற்றிக் கூட்டம். டெம்போக்காரர் ஒருவர்: “அக்கா, எனக்க டெம்போவும் காலத்த பனியில எடுக்கல்ல. ஒண்ணு வந்து ஜெபிப்பியளா?” இன்னொருவருக்கு பம்புசெட்.

“செவ்வாக்கெழம காலத்த ரெண்டு பேருமா வாறோம்,” என்றாள் கிரேஸ். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.