மேலலகு சிவந்த மீன்கொத்தி

நவம்பர் 11
வெயில் மண்டையைப் பிளக்கிறது. லுவாங்குவா ஆறு முக்கால்வாசி மணலாகக் கிடக்கிறது. நேற்று ஒரு தூறல், அவ்வளவுதான்.

காலையில் மாமரத்தில் கிர்ரென்று ஒரு சத்தம். உடனே என் வீட்டுக்காரர் யோத்தாமு, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் விதைக் கதிர்களை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். மழையோடு வரும் மீன்கொத்தி கூவினால் மக்காச்சோளம் விதைப்பது எங்கள் வழக்கம். ஓடிப்போய்ப் பார்த்தேன். பழுப்பு உடம்பு, உச்சந்தலையெல்லாம் கோடு. மேலலகு கறுப்பு, கீழே சிவப்பு. வருஷம் முழுக்க இங்கேயே கிடக்கிற வேறு சாதி.

"இது அது இல்லீங்க."

"நீ அண்ணாந்து பாத்துக்கிட்டே இரு. ஈரம் காஞ்சிடும்."

நாத்தனார் ஃபைதேஸ் வேறு: "அண்ணி, அது வாயத் தொறந்து பல்ல எண்ணிட்டு வந்து சொல்லுங்க."

பாதிக் கதிரைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. மீதியை விதைத்துவிட்டார்.

நவம்பர் 19
முளைத்ததெல்லாம் கருகிவிட்டது. நான் குத்திக்காட்டவில்லை. இருக்கிற பாதியும் போனால் வருஷம் முழுக்க என்னத்தைத் தின்பது? நான் காத்திருப்பதே தப்பாக இருந்தால்?

நவம்பர் 26
வந்துவிட்டது!

வெடுக்கென்று ஒரு ஒலி, பிறகு இறங்கிக்கொண்டே போகும் நீளமான நடுக்கக் குரல். வெளிறிய தலை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, தோளில் கறுப்பு. முதுகு நீலம் — என்ன நீலம் அது. மேலலகு சிவப்பு, கீழே கறுப்பு. பேர்தான் மீன்கொத்தி, வெட்டுக்கிளியைக் கிளையில் அடித்து விழுங்கியது. இருப்பது ஒரு சாண், எத்தனை கர்வம் அதற்கு. இறக்கையை விரித்து இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டுகிறது, என் மரத்தடியில் உனக்கு என்ன வேலை என்று கேட்கிற மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றதில் கஞ்சி அடிபிடித்துவிட்டது. போகட்டும்.

சாயங்காலம் மீதியை விதைத்தோம். குழி அவர் வெட்டினார், விதை நான் போட்டேன்.

நவம்பர் 28
மழை. கூரை ஒழுகுகிறது, ஒழுகட்டும்.

ஏப்ரல் 17
மழை முடிந்து மீன்கொத்திகள் கிளம்பிவிட்டன. மாமரம் வெறிச்சென்று இருக்கிறது. பாதி வயல்தான் விளைந்தது. ஆனாலும் இழுத்துப்பிடித்து ஓட்டிவிடலாம்.

யோத்தாமு பெரிய கதிர்களாகப் பொறுக்கி அடுப்புக்கு மேலே விதைக்குக் கட்டினார். எப்போதும் தன் கைக்கு எட்டுகிற பக்கம்தான் கட்டுவார். இன்று நான் உட்கார்ந்து சமைக்கிற பக்கம் கட்டினார்.

"நீ சொல்ற அன்னிக்கு அவுத்துக்கலாம்."