எலிவேட்டர் என்றால் லிஃப்ட் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நாங்களும் சுகம் என்று எழுதப் போய் பேனா அப்படியே நின்றுவிட்டது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு பேச்சு கொஞ்சம் குழறுகிறது என்றுதான் போனில் சொல்லியிருந்தேன். குழறவில்லை பாப்பா, பேச்சே போய்விட்டது. சாப்பாடு, தண்ணீர், என் பெயர், உன் பெயர், எதுவும் வாயில் வரவில்லை. மிஞ்சியிருப்பது அவர் விமானம் பழுதுபார்த்த காலத்துச் சொற்கள் மட்டும், அதுவும் பாகங்களின் பெயர்கள். சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்கிறார் டாக்டர்.

முதல் வாரம் நான் பட்ட பாட்டைக் கேட்டால் நீயே சிரிப்பாய். எலிவேட்டர், எலிவேட்டர் என்று விடாமல் கேட்டார். வெளியே போக ஆசையாக்கும் என்று சக்கர நாற்காலியில் உட்கார வைத்து நம் கட்டடத்து லிஃப்டில் மேலும் கீழுமாக நாலு நடை கூட்டிப்போனேன். மனிதர் முறைத்த முறைப்பு இருக்கிறதே, எரித்துவிடுவார் போல. அவருடன் வேலை பார்த்த நெட்டை மாமா பார்க்க வந்தவர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எலிவேட்டர் என்பது விமானத்து வாலில் படுக்கை வாட்டில் இருக்கும் தகடாம், அதை மேலே மடக்கினால் வால் தாழ்ந்து மூக்கு உயருமாம். பாவம், தலையணையை உயர்த்தி வை என்றுதான் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து மாமாவிடம் பாடம் கேட்கிறேன். ரட்டர் வாலில் செங்குத்தாக நிற்பது, மூக்கை இடம் வலம் திருப்பும், அதைச் சொன்னால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஃபிளாப் இறக்கையின் பின்பக்கம் நீண்டு இறங்குவது, வேகம் குறைந்தாலும் விழாமல் தாங்கும், அதைச் சொன்னால் நடக்க ஆசை, தோள் கொடுக்க வேண்டும். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு விங், விங் என்றார். எதை எடுத்துத் தருவது என்று நான் முழிக்க, இன்ஜின் முன்னால தள்ளத்தான் செய்யும், மேல தூக்கிப் பிடிக்கிறது இறக்கைதான், உன்னத்தான் சொல்றான் தங்கச்சி என்றார் மாமா. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை மெச்சாத மனிதர். சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

விமானங்கள் நம் வீட்டுக்கு மேலாகத்தானே இறங்கப் போகும், ஒவ்வொன்றுக்கும் கியர், கியர் என்று பதறுவார். இறங்குமுன் சக்கரங்களை வெளியே விட வேண்டுமல்லவா, அந்தச் சக்கரங்கள்தான் கியராம், பழைய வேலை ஞாபகம் என்று விட்டுவிட்டேன். போன வாரம் உன் படத்தைக் காட்டி அதையே சொன்னார். அப்போதுதான் உறைத்தது, ஒவ்வொரு விமானத்திலும் நீ இருக்கிறாய் என்று பார்க்கிறார், தரையிறங்கு என்கிறார். பக்கவாதம் இன்னொரு முறை வந்தால் உடம்பு தாங்காது, வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை ஒப்பந்தம் முடிந்ததும் வருகிறேன் என்கிறாய், அதுவரை அவர் இருக்க மாட்டார் பாப்பா. போனில் சொல்ல வாய் வரவில்லை, நாளை அங்கே வரும் நெட்டை மாமா மகளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசி, ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். ஒன்றை மறக்காதே, நீ வரும் விமானம் இறங்கும்போது காலடியில் தடக்கென்று சத்தம் கேட்கும், பயப்படாதே, சக்கரம் வெளியே வருகிறது. நேற்றிலிருந்து அப்பாவிடம் கியர் என்ற அந்தச் சொல்லும் இல்லை. விமானம் போகும்போது வாய் மட்டும் அசைகிறது. நான் பக்கத்தில் நின்று அவருக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா