நாலு பெட்டியும் பலம் என்று சொன்னது

நெடுங்காடு
பங்குனி 9

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க அம்மன் துணை. போனில் உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய்தான் வரும், அதனால் ஸ்பீடு போஸ்டில் எழுதுகிறேன். மதி, மாதக் கடைசியில் ராஜினாமா கொடுக்கப் போவதாகச் சொன்னாயே, கொடுத்துவிடாதே.

தேனீப் பெட்டி நாலும் பலம் என்ற என் பேச்சை நம்பித்தானே கிளம்புகிறாய், நாலைப் பிரித்து இருபதாக்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று. தை மாதம் அடையின் அடியில் நிலக்கடலை மாதிரி தொங்கிய ராணி அறைகளையெல்லாம் கிள்ளிப் போட்டேன், விட்டால் கூட்டம் பிரிந்து ஓடிவிடுமே என்று. உள்ளே ராணி இருக்கான்னு பாத்துட்டு கிள்ளுங்கப்பா என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய், எனக்குத்தான் அவசரம். பழைய ராணிகள் அதற்கு முன்பே பாதிக் கூட்டத்தோடு போய்விட்டதைக் கவனிக்காத பாவி நான். பிறகு வாசலில் பெரிய பெரிய ஈயாக மொய்த்தது, ஓர் அறைக்கு இரண்டு மூன்று முட்டை கிடந்தது, நானும் பூரித்துப்போய் உன்னிடம் பலம் என்றேன். போன செவ்வாய்க்கிழமை காரைக்காலில் பெட்டி வைத்திருக்கும் நஜீபாவைக் கூட்டிவந்து காட்டினேன். அடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஐயா மூணு பெட்டியில ராணியே இல்லிங்க, வேலைக்கார ஈ போட்ட முட்டைங்க இது, பொறக்குறதெல்லாம் ஆண் ஈதான், உக்காந்து தின்னே தீத்துடும், ஒரு மாசத்துல பெட்டி காலிங்க என்றார். நாலாவதில் இரண்டு சட்டம் ஈ தேறினால் அதிகமாம். அந்த வெள்ளிக்கிழமைதான் நீ போன் செய்தாய், அப்போதும் பலம் என்றேன். முன்னே சொன்னது தெரியாமல், இது தெரிந்தே சொன்னது. ஆறு வருஷமாகப் பொங்கலுக்கு மூன்று நாள் மட்டும் பார்க்கும் பிள்ளை இனி இங்கேயே இருப்பாள் என்ற ஆசை என் வாயைக் கட்டிவிட்டது. அன்றிலிருந்து பெட்டிப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது, பெற்றவனே உன் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேனே.

என்னைத் திட்டு, பேசாமல்கூட இரு, வேலையை மட்டும் விடாதே. வெயிலில் அலையாமல் மோர் குடி. நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி அண்டாமல் நூறு வயது இருக்க வேண்டும் அம்மா. ராஜினாமா விஷயம் மறக்காதே.

ஆசியுடன்
உன் அப்பா
சண்முகசுந்தரம்

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வருகிறாய் என்று உன் அறைக்கு அவளே வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறாள்.