ஏ.டி.பி. மிச்சம்

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் நலம், உன்னை நினைத்துத்தான் நான்கு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாதக் கடைசிக்குள் அந்தச் சாப்பரோன் புரதம் வேலை செய்வதைக் காட்டாவிட்டால் ஆய்வு வேறொருவருக்குப் போய்விடும் என்று பேராசிரியர் சொன்னதாக எழுதினாய், அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. அப்பா பஸ்ஸை ஷெட்டில் விட்டு வந்ததும், "அவ வேலையை அவ பார்க்கட்டும், நீ போன் மேல போன் போட்டு உயிரை வாங்காத" என்கிறார், ஆனால் அவரே எனக்குத் தெரியாமல் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறார். தம்பிக்குப் பல்வலி, டாக்டரிடம் போகச் சொன்னால் ஆயிரம் சாக்கு.

மனசு கேட்காமல் நேற்று எங்கள் கல்லூரி உயிரியல் மேடத்திடம் போய் நின்றேன். இருபது வருஷமாக அவர்களுடைய ஆய்வகக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுகிறேன், ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. பொறுமையாகப் படம் போட்டே காட்டினார்கள். பாக்டீரியாவுக்குள் இருக்கும் இந்தப் புரதம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையம், வளையத்துக்கு ஏழு துண்டு, நடுவில் காலி. உருவத்துக்கு வராமல் தவிக்கிற வேறொரு புரதத்தை வாயில் பிடித்துக்கொள்ளும், செல்லுக்குச் சக்தி கொடுக்கிற ஏ.டி.பி. வந்து சேர்ந்ததும் அதை உள்ளே விட்டு மூடி போட்டுக்கொள்ளும், பத்து விநாடி போல தனியாக மடிந்து உருவத்துக்கு வர விட்டுப் பிறகு வெளியே அனுப்பும். "ஏ.டி.பி. இல்லன்னா பிடிச்சது பிடிச்சபடியே நிக்கும்மா, விடாது" என்றார்கள். நீ எழுதியதும் அதேதானே, பிடிக்கிறது, விடமாட்டேன் என்கிறது என்று.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நீ அனுப்பிய மேசைப் படத்தில் ஒரு சின்னக் குப்பி, அதன் மேல் உன் கையெழுத்தில் 'ஏ.டி.பி. மிச்சம்'. மீந்ததையெல்லாம் அதில் சேர்த்துச் சேர்த்து, உறையவைத்து, உருக்கி, மறுபடி உறையவைக்கிறாயா? மேடம் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள், அப்படி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகுமாம். ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கடைசிச் சொட்டு வரை வாங்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே, வேறு யாரை நோவது. கழுவுகிறவளுக்கு என்ன தெரியும் என்று சிரித்தாலும் பரவாயில்லை, அந்தக் குப்பியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஒரே ஒரு தடவை செய்து பார்.

இதைத் தம்பி படம் எடுத்து அனுப்புவான், பார்த்ததும் போன் செய். வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக வருவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேராசிரியரிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் அம்மா பழக்கிவிட்ட புத்தி என்று சொல்லிவிடு. அங்கே என்னை யாருக்கும் தெரியாது, பழி என் மேல் இருந்துவிட்டுப் போகட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா