மரண அறிவித்தல் பக்கத்தில் ஒரு கார்

12-6-1995, திங்கள்

பெல்மார் என்ற வெளிநாட்டுக் கார் கம்பெனி, என் சம்மதத்தோடு என் படத்தை வாங்கி, என் சம்மதம் இல்லாமல் என்னைச் சாகடித்துவிட்டது. உடந்தை: என் மனைவியின் தம்பி தனபாலன். அந்தக் கம்பெனியின் மலாக்கா ஷோரூமில் கார் விற்பவன்.

ஈப்போவில் மகள் திலகா வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு, இன்று மத்தியானம் ரெம்பியாவில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். மனைவி வேலாயி முன்னால் போனாள். சாப்பாட்டுக் கடை மாரியம்மா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இன்னும் பொட்டு வச்சிருக்கியேக்கா" என்று வேறு கேட்டாள். அந்த நேரம் நான் இரண்டு பைகளோடு இறங்கினேன். மாரியம்மா கையிலிருந்த வடைத் தட்டு தரையில் விழுந்தது. என்னைக் கிள்ளிப் பார்த்த பிறகுதான் பேப்பரை எடுத்து வந்தாள்.

சனிக்கிழமைப் பேப்பர். மரண அறிவித்தல் பக்கம். இடது பக்கம் லூபோக் சீனா பாட்டி ஒருவர், வலது பக்கம் காஜாங்கில் இறந்த யாரோ. நடுவில் நான். வேட்டி, விபூதி, சுற்றிலும் கறுப்புக் கோடு. கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கார். அதற்கும் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், "நாற்பத்தோர் ஆண்டு லாரி ஓட்டிய திரு. ராமையா சிபாரிசு செய்கிறார்."

அந்தப் பக்கத்தில் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? படத்தைப் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள், அடுத்த படத்துக்குப் போவார்கள்.

இது கூடப் பரவாயில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை கோயில் நிர்வாகக் குழு கூடி, எனக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்று, சிவசாமியைச் செயலாளர் ஆக்கிவிட்டது. என் பதவி. பதினேழு வருடப் பதவி! திருவிழாவுக்கு இன்னும் ஏழு வாரம்கூட இல்லை.

13-6-1995, செவ்வாய்

தனபாலன் வந்தான். கம்பெனிக் காரில்தான் வந்தான், வெட்கமில்லாமல்.

கம்பெனி இந்த வருடம்தான் மலேசியாவுக்கு வந்திருக்கிறதாம். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பெரியவரைக் காட்டினால் ஜனங்கள் நம்பி வாங்குவார்கள் என்பது அவர்கள் திட்டம். தமிழர்கள் பேப்பரில் எந்தப் பக்கத்தை முதலில் திறப்பார்கள் என்று வெள்ளைக்கார மேனேஜர் கேட்டாராம். இவன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"நீங்களே காலைல அந்தப் பக்கத்தத்தானே மாமா மொதல்ல பாப்பீங்க?"

நான் பார்ப்பது யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள. அது கடமை. கார் விற்பதற்கு அல்ல.

சீனப் பேப்பரிலும் மலாய்ப் பேப்பரிலும் அவரவர் பெரியவர் வந்தாரே, அவர்கள் செத்தார்களா என்று கேட்டேன். அவர்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்தார்களாம். கறுப்புக் கோடு எதற்கு என்று கேட்டேன். "ஸ்டைலு லா, மாமா" என்றான்.

அவன் போன பிறகு அட்லஸை எடுத்துப் பார்த்தேன். கம்பெனியின் நாடு பெல்ஜியம். நம் பகாங் மாநிலத்தை விடச் சின்னது. அங்கிருந்து வந்து ரெம்பியாவில் ஆளைக் கொல்கிறார்கள்.

15-6-1995, வியாழன்

சிவசாமி வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தான். கோயில் சாவியைக் கேட்டேன், அதைக் கொடுக்கவில்லை. முன்மொழிந்து, வழிமொழிந்து, தீர்மானம் நிறைவேறிவிட்டதாம். ரத்து செய்ய வேண்டுமானால் பொதுக்கூட்டத்தில் நாற்பது உறுப்பினர் உட்கார வேண்டுமாம்.

"நீங்க எழுதுன சட்டம்தாண்ணே."

உண்மை. எழுபத்தொன்பதில் நானே எழுதியது. அன்று முதல் இன்றுவரை நாற்பது பேர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. பாதிப் பேர் ரப்பர்த் தோட்டத்தை விட்டுப் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள்.

நான் உயிரோடு உன் முன்னால் உட்கார்ந்து காப்பி குடிக்கிறேனே, அது போதாதா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுதுண்ணே. புஸ்தகத்துக்குத் தெரியலையே."

எழுந்து வரும்போது, அந்த ஒரு நிமிட மௌனம் முழுசாக ஒரு நிமிடம் நடந்ததா என்று கேட்டேன். மழை தூறியதால் நாற்பது வினாடியில் முடித்துக்கொண்டார்களாம். பதினேழு வருடத்துக்கு நாற்பது வினாடி!

17-6-1995, சனி

மலாக்கா ஷோரூமுக்குப் போனேன். மேனேஜர் பெயர் லூக். என்னைக் கண்டதும் எழுந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். தனபாலன் மாதிரிப் பல்லைக் காட்டிச் சிரிக்கவில்லை. அந்த மட்டும் யோக்கியர். கம்பெனிப் பெயர் போட்ட ஒரு குடையும் சாவி வளையமும் கொடுத்தார். குடையை மறுத்துவிட்டேன். வெளியே நல்ல மழை. நனைந்துகொண்டே பஸ் ஏறினேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. நான் உயிரோடு இருக்கிறேன் என்று அதே பேப்பரில், அதே பக்கத்தில், அதே அளவில், அதே படத்தோடு போட வேண்டும். தனபாலன் குறுக்கே வந்தான், வேறு பக்கத்தில் வேறு படம் போடலாமே என்று. குற்றம் எங்கே நடந்ததோ அங்கேதான் திருத்தம் என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

20-6-1995, செவ்வாய்

கோயில் மைக்கில் இன்று சிவசாமி பேசினான். மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டான். அதெல்லாம் ஒரு பேச்சா?

24-6-1995, சனி

வந்துவிட்டது. அதே பக்கம், அதே படம். கீழே "திரு. ராமையா நலமாக இருக்கிறார், சாலையில் சந்திப்போம்." எழுத்து மட்டும் பொடி. மற்றபடி திருப்தி.

25-6-1995, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு லூபோக் சீனாவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள். பின்னாலேயே புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு பஸ். எல்லாரும் வெள்ளை உடுப்பு.

முதல் படம் வந்தது பத்தாம் தேதி. அதிலிருந்து எண்ணினால் இன்று பதினாறாம் நாள். அதே படம் அதே பக்கத்தில் மறுபடி வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? கருமக்கிரியைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று! எத்தனை பேர் வீட்டுக் கருமக்கிரியைக்கு நாள் எண்ணிக் கொடுத்தவன் நான்! இது ஏன் எனக்குத் தோணல? செத்தவன் நானாக இருந்ததால் கணக்கு வரவில்லை போலிருக்கிறது.

உள்ளூர்க்காரர்களுக்கு நான் இருப்பது தெரியும். ஆனால் கூட்டத்தைக் கண்டதும் அவர்களும் வந்துவிட்டார்கள். வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? மாரியம்மா தன் கடைப் பானையைத் தூக்கி வந்தாள். சாம்பார், பொரியல், பாயசம். என் கருமக்கிரியைச் சாப்பாட்டை நானே பரிமாறினேன். இரண்டாவது பந்தியில்தான் உறைத்தது. தலைகளை எண்ணினேன். உறுப்பினர்கள் மட்டும், சிவசாமியையும் சேர்த்தால், நாற்பத்தொரு பேர்.

உடனே தனபாலனை அனுப்பி, சிவசாமியைத் தீர்மானப் புத்தகத்தோடு காரில் அள்ளி வரச் சொன்னேன். வாசலிலேயே பொதுக்கூட்டம். நான் இறந்தது ரத்து என்பது ஏகமனதாக நிறைவேறியது. அடுத்து, செயலாளர் யார்? கை தூக்கச் சொன்னேன். எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் நானே எண்ணினேன்.

எனக்கு, என் கையையும் சேர்த்து, இருபது.

சிவசாமிக்கு இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். கடைசி வரிசையில், கரண்டி பிடித்த கை ஒன்று. வேலாயி.

அந்தக் கையை நான் பார்க்காத மாதிரி விட்டிருக்கலாம். கரண்டியைத் தூக்கிக் காட்டினாள், கையை அல்ல என்று வாதாடியிருக்கலாம். எண்ணினேன். புத்தகத்தில் எழுதச் சொன்னேன்.

லூபோக் சீனாப் பெரியவர் ஒருவர் போகும்போது சொன்னார்: "தம்பி, அடுத்த வாட்டி செத்தா ஆள அனுப்பு. பேப்பரப் பாத்து இனிமே வர மாட்டோம்."

26-6-1995, திங்கள்

வேலாயியோடு பேசவில்லை.

27-6-1995, செவ்வாய்

பேசவில்லை. மீன் குழம்பு நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

28-6-1995, புதன்

தாங்க முடியவில்லை. கேட்டேவிட்டேன், கட்டின பொண்டாட்டியே இப்படிப் பண்ணலாமான்னு. அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பதினேழு வருசமா திருவிழாவுல நீங்க மைக்குப் பக்கத்துல, நான் சோத்துப் பான பக்கத்துல. ரதம் வர்றப்ப ஒரு வாட்டியாச்சும் கூட நின்னு கும்பிட்டிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

ஆனாலும் ஓட்டுப் போட்டது தப்புதான் என்று சொன்னேன். சரி என்றாள். ஈரத் துணியின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள், பிழிவதற்கு.

29-7-1995, சனி

நாளை திருவிழா. ஆக வேண்டியவை:

சிவசாமி மைக்கில் குறைந்தது பத்து நிமிடம் பேச வேண்டும். உபயகாரர் பெயர் ஒன்றுகூட விடக்கூடாது. பட்டியலை நானே எழுதி வைத்திருக்கிறேன், காலை ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

தனபாலன் தன் பெல்மார் காரைக் கோயில் வாசலில் நிறுத்தக்கூடாது. ரதம் திரும்ப இடம் வேண்டும். யாரிடமும் விலை சொல்லக்கூடாது.

மேனேஜர் லூக் வருகிறாராம். சப்பாத்தைக் கழற்றச் சொல்ல வேண்டியது தனபாலன். சாப்பிடாமல் போக விடக்கூடாது.

சோற்றுப் பானை இந்த வருடம் மாரியம்மா பொறுப்பு. சொல்லியாகிவிட்டது. முணுமுணுத்தாள், ஒத்துக்கொண்டாள்.

வேலாயி பச்சைச் சேலை கட்ட வேண்டும். கரண்டியைத் தொடக்கூடாது.

நான்: ரதம் திரும்பும் முனையில், அவளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மைக் இருக்கும் பக்கம் பார்க்கக்கூடாது.