ஆணியில் தொங்கும் கடிகாரம்

ஈப்போ
1928 ஆவணி

அன்புள்ள மகன் ஐயாவுக்கு உன் சின்னம்மா எழுதுறது. காளியம்மா புண்ணியத்துல நானும் உன் தங்கச்சி பாப்பாவும் சொகமா இருக்கோம், சிங்கப்பூர்ல நீயும் அப்படியே இருக்கணும். உங்கப்பா தானும் சொகம்னு எழுதச் சொன்னாரு, அதை மட்டும் நான் எழுத மாட்டேன்.

உன்னைவிட எனக்கு ரெண்டு வயசு கம்மி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியார்கிட்ட சண்டை போட்டுட்டு மூணாம் வகுப்போட நின்னவ, சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. நீ ஆசையா அனுப்புன கடிகாரத்தை உங்கப்பா பெருமையா சட்டைப் பையில போட்டுக்கிட்டு வேலைக்குப் போனாரு. சுங்கை சிப்புட் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுன மனுசன், இப்ப ஈயம் தோண்டுற லம்பத்துக்குக் கரண்டு அனுப்புற கொட்டாயில, பெரிய மிசின்லருந்து போற தடிக் கம்பிங்களுக்கு நடுவுல நாள் பூரா நிக்கிறாரு. ஒரே வாரத்துல கடிகாரம் பேய் பிடிச்ச மாதிரி ஓடி அப்புறம் நின்னுடுச்சு. கடைத்தெருவுல கடிகாரம் பழுது பாக்குற சீனன்கிட்ட கொண்டு போனேன். அவன் தொறந்து பாத்துட்டு பெசி பெரானி ஏறிப் போச்சு, காந்தம், இதை எங்க கொண்டு போனீங்கன்னான். இடத்தைச் சொன்னதும் சிரிச்சான். உங்க துரையும் இப்படித்தான் தங்கக் கடிகாரத்தைக் கெடுத்துக்கிட்டு வந்தான், இப்ப வெளியிலயே கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள போறான், நீங்களும் வீட்டுல விட்டுட்டுப் போங்கன்னு சரி பண்ணிக் கொடுத்தான்.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். சோறு கொண்டு போற சாக்குல போயிப் பாத்தேன். வாசல்ல ஒரு மரப்பெட்டி, உள்ள பட்டுத்துணி, அதுல துரை கடிகாரம் சொகமா தூங்குது. எட்டிப் பாத்துட்டு வாரவனுக்கே இந்தப் பெட்டி. அங்க கணக்கு எழுதுற கிராணி ஜெயபாலன்கிட்ட, கடிகாரத்துக்கு ஆகாதது மனுசனுக்கு மட்டும் ஆகுமான்னு கேட்டேன். கடிகாரத்துல இரும்பு இருக்கு, உன் புருசன் என்ன இரும்புல செஞ்சவனான்னு நக்கல் பண்றான். சரி, ஒன்னும் செய்யாதுன்னு எந்தக் கூலி உடம்பை எந்த டாக்டரு பாத்துச் சொன்னாருன்னேன். யாரும் பாக்கல, ஆனா ஒன்னும் செய்யாது, வீட்டுக்குப் போன்னுட்டான்.

எனக்கும் தெரியாது ஐயாவு, காந்தம் உடம்பை என்ன பண்ணும்னு சத்தியமா தெரியாது. அவனுங்களுக்கும் தெரியாது, கேக்கவும் மாட்டானுங்க, அதான் வயிறு எரியுது. உங்கப்பா வீட்டுக்கு வந்தா தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருறாரு, கண்ணை மூடினாலும் மின்னுதுங்கிறாரு. கேட்டா, பழகிடும் புள்ளன்னு சிரிக்கிறாரு. கடிகாரத்துக்குப் பழகலையே.

இப்ப அங்க இன்னொரு ஆளு வேணுமாம், உன்னை வரச் சொல்லி எழுதுன்னாரு, அதுக்குத்தான் இந்தக் கடுதாசியே. அந்த வேலைக்கு நீ வராத. வந்தா அவரை அங்கருந்து வெளியில கொண்டார வா. நான் சொன்னா கேக்கல, நீ சொன்னா கேப்பாரு.

வேளைக்குச் சாப்பிடு, துறைமுகத்துல மழையில நனையாத, மாரியம்மா உன்னைக் காப்பாத்துவா. கடிகாரம் இப்ப நல்லா ஓடுது, பத்திரமா இருக்குன்னு மறக்காம எழுதச் சொன்னாரு உங்கப்பா. நெசந்தான். வீட்டுல ஆணியில தொங்குது. அவரு காலையிலயே கொட்டாய்க்கு உள்ள போயிட்டாரு.

உன் சின்னம்மா
நல்லம்மாள்